தட்டோடு வந்த கறிவேப்பிலை

மச்சான்,

இன்று காலை ரஹாங் பசாரில் வெண்டைக்காயும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கினேன். காய்கறிக்கார அம்மா நிறுத்துப் போட்டுவிட்டு, கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் பைக்குள் திணித்தாள். "இருக்கட்டும் தாத்தா, இதுக்குக் காசு வேணாம்" என்றாள். வழக்கமாக நான் தலையைக்கூட ஆட்டாமல் நடையைக் கட்டுகிறவன். இன்று அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முகமெல்லாம் சூடாகிவிட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. கறிவேப்பிலையைப் பார்த்து வெட்கப்படுகிற கிழவன் இந்தச் சிரம்பானில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே நீ எனக்கு மச்சான்தான். லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எதிரெதிர் லயத்து வீடுகளில் வளர்ந்தோம். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தூக்கிப் போட்ட ஆங்கிலப் புத்தகத்தில் இருந்த சர்க்யூட் படங்களைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து, ஆம்பிளிஃபயரைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டேன். அதை நான் யாருக்கும் மறக்க விட்டதில்லை. "நான் படிக்காம எதையும் தொடுறதில்ல" என்பேன். நீ உடனே, "ஆமா, மருந்து சீட்டக்கூட ரெண்டு தடவ படிப்பாரு" என்று கூட்டத்தைச் சிரிக்க வைப்பாய்.

ஸ்பீக்கர் செட் என்னுடையது. பாட்டுத் தட்டுகள் நம் இருவருடையவை. தோட்டக் கல்யாணம், தீமிதி, காதுகுத்து எதுவானாலும் பால்மரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டுவது நான், தட்டு மாற்றுவது நீ. தட்டு மாற்றுகிற இடைவெளியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நீயே பாடிவிடுவாய். தட்டில் பாடுகிறவரை விட்டுவிட்டு "இன்னொண்ணு பாடுய்யா" என்று உன்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். பாடும்போது நீ கூட்டத்தைப் பார்க்க மாட்டாய். செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னைத்தான் பார்ப்பாய். சுருதி நழுவினால் என் புருவம் ஏறும். அதைப் பார்த்து நீ சரி செய்துகொள்வாய்.

அப்படியிருக்கும்போதுதான் கோலாலம்பூரில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர் உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார், உள்ளூர்ப் பாடகர்களைத் தட்டில் பதிவு செய்கிறோம் என்று. என் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நீ வந்தாய். இருவரும் பஸ் பிடித்துப் போனோம். கடையை ஒட்டி, தெருவைப் பார்த்து ஓர் அறை. நீ உள்ளே போனாய். எனக்கு இடமில்லை என்று கடை வாசலில் உள்ள ஐந்தடி நடைபாதையில் நிறுத்திவிட்டார்கள். புழுக்கத்தில் நின்றேன். ஒரே ஒரு முறை கதவு திறந்தது. உள்ளே நீ மைக்கின் முன் நிற்பது தெரிந்தது. என்னைப் பார்த்தாய். பிறகு கதவு சாத்தப்பட்டது.

அதை நான் மறக்கவில்லை. மறக்கக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டவன் போல வைத்திருந்தேன். நீ என் தங்கையைக் கட்டினாய், பிள்ளை பெற்றாய், தோட்டம் செம்பனைக் காடாகி, பிறகு வீடமைப்புப் பகுதியாகி, நாம் டவுனுக்கு வந்து ஆளுக்கொரு வேலையில் ஒட்டிக்கொண்டோம். எப்போது நமக்குள் பேச்சு முற்றினாலும் நான் கடைசியில் அதைத்தான் எடுத்து வீசுவேன். "என்னை அஞ்சடியில நிக்க வச்சவன்தானே நீ!"

"கேட்டேன் மச்சான். அவங்கதான் விடல" என்று முதலில் சொல்லிப் பார்த்தாய். நான் நம்பவில்லை. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாய். "விடு மச்சான், பாட்டு வெளியே வந்துருச்சுல்ல" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பும் எனக்குக் குற்றமாகவே பட்டது.

பாட்டு வெளியே வந்ததே தவிர எங்கும் போகவில்லை. கம்பெனி படுத்துவிட்டது. நம்மிடம் இருந்த ஒரே தட்டும் வெயிலில் அப்பளம் போல வளைந்துபோனது. நீ கண்ணை மூடியபோது உன் குரல் எங்கள் யாரிடமும் இல்லை. உன் மனைவி, என் தங்கை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் நாற்காலியில் கழிகிறது. பேசத் தெம்பு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு பெண் தேடிக்கொண்டு வந்தாள். முப்பது வயதிருக்கும். கோலாலம்பூரில் பழைய உள்ளூர்ப் பாட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடியும் இசைத்தட்டாகவே போடுகிறார்களாம். அந்தப் பழைய கம்பெனிக்காரர் வீட்டில் நாடாச் சுருள் கிடைத்திருக்கிறது. உன் நான்கு பாட்டும் அதில் இருந்தன. சில மாதம் கழித்துத் தட்டும் வந்தது. அந்தப் பெண் அதைக் கொண்டு வந்த அன்று தங்கை டயாலிசிஸுக்குப் போயிருந்தாள். ரஹாங்கில் இருக்கும் அவள் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"இது அம்மாவோட காப்பி, ஐயா. உள்ள ஒரு கார்டு இருக்கு. சுரண்டி நம்பரப் போன்ல போட்டாப் போதும்" என்றாள். அவசரமாகக் கிளம்பிவிட்டாள்.

அவள் சொன்னது எனக்கு எப்படி விளங்கியிருக்கும், சொல். உறையைத் திறந்தேன். கைக்கு அடக்கமாக ஓர் அட்டை, அதில் சாம்பல் நிறப் பட்டை. நம் ஊரில் அப்படி ஓர் அட்டை என்றால் அது ஒன்றுதான்: போனில் பணம் ஏற்றுகிற ரீலோட். மச்சானுடைய பாட்டைப் போட்டு விற்கிறவர்கள் அவன் பெண்டாட்டிக்குக் கொடுக்கிற மரியாதை ஒரு ரீலோட் கார்டா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தவன் அட்டையை எடுத்து வைத்திருக்கலாம். நான் பத்து சென் காசை எடுத்துச் சுரண்டினேன். தங்கையின் போன் அங்கே இல்லை. சரி, என் போனில் ஏற்றிவிட்டுப் பணத்தை அவளிடம் கொடுத்துவிடலாம் என்று நம்பரை அடித்தேன். நம்பர் தவறு என்று ஒரு பெண்குரல் மலாயில் சொன்னது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே குரல்.

விடுகிறவனா நான்? அட்டையைத் தூக்கிக்கொண்டு முனையில் இருக்கும் போன் கடைக்குப் போனேன். "காசு வாங்கிட்டுச் செல்லாத கார்டு விக்கிறீங்களா?" என்று வாசலிலேயே சத்தம் போட்டேன். கடைக்காரன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அங்கிள், இது ரீலோட் இல்ல லா. பாட்டு டவுன்லோட் பண்ற கார்டு. இதப் போயி டெலிபோன் கம்பெனிக்கு அடிச்சீங்களா?"

"பாட்டா?"

"ஆமா. பிளேட்டு வாங்குனா இது கூடவே ஃப்ரீ. போன்லயும் கேக்கலாம்."

ரீலோட் போட வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன், "அங்கிள், போன் பாடுதான்னு நல்லா காதுல வச்சுப் பாருங்க" என்றான். ஆம்பிளிஃபயரைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுகிறவனிடம் அவன் அப்படிச் சொன்னான். நான் அந்த அட்டையை நாலாகக் கிழித்தேன். கடைக்கு முன்னால் ஓடும் சாக்கடையில் போட்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அது தங்கையின் அட்டை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. பாட்டுத்தான் தட்டில் இருக்கிறதே, இந்த அட்டை யாருக்கு வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் சிரம்பானில் ஒரு சின்ன மண்டபத்தில் தட்டு வெளியீடு வைத்தார்கள். உன் பழைய கூட்டாளி என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். நான் அங்கேயே உறையைத் திறந்து, அதிலிருந்த அட்டையை எடுத்து, எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். மைக் வேறு கையில் இருந்தது.

"பசார்ல காய் வாங்குனா கறிவேப்பில ஓசி. நீங்க தட்டு வாங்குனா பாட்ட ஓசியில குடுக்கறீங்க. அப்ப தட்டுக்கு என்ன மரியாத? பாட்டுன்னா உக்காந்து கேக்கணும். பஸ்ஸுல, கக்கூசுல கேக்கறதுக்கு இல்ல. இந்தக் கறிவேப்பில எனக்கு வேணாம்மா."

கிழவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பெண் அட்டையை வாங்கிக்கொண்டு, "சரிங்க ஐயா" என்றாள். நீ இருந்திருந்தால் என் முழங்கையைப் பிடித்து இழுத்திருப்பாய்.

மறுநாள் பாட்டுத் தட்டுப் போடும் என் பெட்டியை மருமகளின் காரில் ஏற்றி ரஹாங்குக்குக் கொண்டுபோனேன். மருமகள் என்றால் உன் மகள்தான். தெமியாங்கில் இருக்கும் என் வீட்டு மாடிப்படி ஏறத் தங்கையால் முடியாது. அவளைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, ஊசியைத் துடைத்து, தட்டைப் போட்டேன். உன் குரல் வந்தது மச்சான். வளைந்துபோன பழைய தட்டில் கேட்டதைவிடச் சுத்தமாக, என் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற அந்த வயதுக் குரல். தங்கை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டு பக்கமும் முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா அவரு பேசவே இல்லியே."

"பேச்சா? பாட்டுத் தட்டுல ஏது பேச்சு?"

"பாட்டு ஊருக்கெல்லாம் பாடுனது. பேசுறதுதானே எனக்கு" என்றாள். பிறகு மெதுவாக, "அந்த நாற்காலியில ஊசி குத்திக் கெடக்கறப்ப, பக்கத்துல உக்காந்து என்னமாச்சும் பேசிக்கிட்டே இருப்பாரு. நேரம் போறதே தெரியாது. இப்ப எல்லாரும் காதுல எதையாச்சும் மாட்டிக்கிட்டுக் கெடக்கறாங்க. எனக்குத்தான் மாட்டறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

மருமகள் உறையை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். "மாமா, இங்க போட்டிருக்கே. டவுன்லோட் பண்ணா நாலு பாட்டோட, பாட்டுக்கு நடுவுல அப்பா பேசுனதும் வருமாம். தட்டுல எடம் இல்லேன்னு போன்ல மட்டும் குடுக்கறாங்க." நிமிர்ந்தாள். "கார்டு எங்க மாமா?"

தங்கை அப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

அது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், உறையின் அடியில் இருந்தது. படிக்காமல் எதையும் தொடமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அதைப் படிக்கவில்லை. ஓசிச் சாமான் என்றதும் கண் அதற்குமேல் போகவில்லை. "கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றேன். தங்கை என்னைத் திட்டவில்லை. "பரவால்ல அண்ணே. பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தியே, காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன்.

அடுத்த நாள் அந்தப் போன் கடைக்கு முன்னால் போய் நின்று சாக்கடைக்குள் எட்டிப் பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்து எவ்வளவோ தண்ணீர் ஓடியிருந்தது. அங்கே என்ன இருக்கும்? கடைக்காரன் உள்ளேயிருந்து, "என்னா அங்கிள், ரீலோட் தேடறீங்களா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் வந்த முதல் சண்டை அதுதான்.

அந்தப் பெண்ணுக்குப் போன் அடிக்கலாம் என்று மருமகள் சொன்னாள். போனில் என் குரலைக் கேட்டு அவள் சிரித்தால்? நேரில் என்றால் சிரிப்பதையாவது பார்த்துவிடலாம். ரயில் ஏறி கோலாலம்பூருக்குப் போனேன். விசாரித்து விசாரித்து அவள் இடத்தைக் கண்டுபிடித்தேன். மாடியில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் தட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க ஐயா. என்ன இவ்வளவு தூரம்?"

நான் வழியெல்லாம் வேறு வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது. "அந்தக் கார்டு…" என்றேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கறிவேப்பில கேட்டா வந்திருக்கீங்க?"

"ஆமாம்மா."

ரீலோட் கதை, சாக்கடைக் கதை எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நான்தான் சரியா சொல்லாமப் போயிட்டேன். ஒரு போன் அடிச்சிருந்தா வேற நம்பர் அனுப்பியிருப்பேனே ஐயா. இதுக்குப் போயி ரயில் ஏறி வந்தீங்களா?" மேசை இழுப்பறையைத் திறந்து, நான் மேடையில் திருப்பிக் கொடுத்த அட்டையை எடுத்தாள். சுரண்டாமல் அப்படியே இருந்தது. அவளே சுரண்டி, என் போனில் போட வேண்டிய இடத்தில் நம்பரைப் போட்டு, பாட்டை இறக்கிக் கொடுத்தாள். எந்த இடத்தைத் தொட்டால் எது வரும் என்று காட்டினாள். நான் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது, "நீங்க இன்னும் கேக்கலதானே? அதுல நீங்களும் இருக்கீங்க ஐயா" என்றாள்.

ரயிலில் சட்டைப்பையில் போன் இருந்தது. கை பலமுறை போனது. தங்கை கேட்பதற்கு முன் நான் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இந்த ஒரு பிடிவாதத்தில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் டயாலிசிஸ் நிலையத்தில், நீ உட்காரும் அதே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தங்கையின் ஒரு கையில் குழாய்கள். மற்றக் கையால் இயர்போனின் ஒரு பக்கத்தைக் காதில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றை என்னிடம் நீட்டினாள். "நீயும் கேளு அண்ணே."

முதலில் நாடா சுற்றும் இரைச்சல். பிறகு நீ தொண்டையைச் செருமினாய். தங்கையின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன.

"சார், ஒரு நிமிஷம். என் மச்சான் வெளிய நிக்கிறாரு. உள்ள கூப்பிட்டுக்கட்டுமா?"

"எடம் இல்ல தம்பி. பாடு."

"அப்ப கதவையாச்சும் தொறந்து வைங்க சார். அவரு மூஞ்சியப் பாத்தாத்தான் சுருதி சரியா நிக்கும். அவரு இல்லாம எனக்குப் பாட வராது."

"தெருச் சத்தம் வரும்யா."

"சும்மா தொறந்து பாருங்க சார். அவரு சத்தமே போடமாட்டாரு."

கதவு கிரீச்சிடுகிறது. தெருவின் இரைச்சல் உள்ளே வருகிறது. உடனே, தூரத்தில், கோபமாக, இளமையாக ஒரு குரல்:

"இன்னும் எவ்ளோ நேரம்லா? பஸ்ஸு போயிரும்! என்னா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க உள்ள!"

அது நான்.

பிறகு கம்பெனிக்காரர், "கதவ மூடுப்பா" என்கிறார். கதவு சாத்தும் சத்தம். தெரு இரைச்சல் நிற்கிறது. நீ சிரிக்கிறாய், அடக்க முடியாமல், மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில்.

"அதான் சார் என் மச்சான்."

தங்கையும் சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் குலுங்கியது. தாதி ஓடி வந்து, "அம்மா, கைய ஆட்டாதீங்க, ஊசி நகந்துரும்" என்று அதட்டினாள். "இல்ல மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரரு பேசறாரு" என்றாள் தங்கை, கண்ணீரைத் துடைக்கக் கை இல்லாமல். நான் துடைத்துவிட்டேன். என் முகத்தை அவள் பார்க்காதபடி திரும்பிக்கொண்டேன்.

"கேட்டேன் மச்சான்" என்று நீ சொன்னது உண்மை. கதவைத் திறக்க வைத்தவன் நீ. அதை மூட வைத்தவன் நான்; கத்தியதையே மறந்துபோனவனும் நான். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கதவை உன் மேலேயே சாத்திக்கொண்டிருந்திருக்கிறேன். நீ அதைக் கேட்டிருக்கிறாய், அந்த அறையில் நின்று, உன் காதால். ஆனாலும் ஒரு நாளும் "நீதான் கத்துனே" என்று என்னிடம் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

தட்டுத்தான் உசத்தி என்று இப்போதும் சொல்வேன். போனில் உன் கீழ்க்குரலில் பாதி காணாமல் போகிறது. அதை எந்தக் கம்பெனியிடமும் வந்து நிரூபிப்பேன். தங்கையின் போனிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டேன், நானே, யாரையும் கேட்காமல். அவள் நாற்காலியில் கிடக்கும்போதெல்லாம் நீ பேசிக்கொண்டிருக்கிறாய். பாட்டைத் தள்ளிவிட்டுப் பேச்சை மட்டும் போட்டுக் கேட்கிறாளாம்.

நானும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் கேட்கிறேன். மேடையில் நான் சொன்ன அந்த இன்னொரு இடத்திலும் கேட்டாயிற்று. "அவரு சத்தமே போடமாட்டாரு" என்று நீ சொல்லி, அந்தக் கதவு கிரீச்சிடும்போது, ஒவ்வொரு முறையும் நான் வாயை இறுக்க மூடிக்கொள்கிறேன் மச்சான். மூச்சைக்கூட விடுவதில்லை. ஆனாலும் வெளியே நிற்கிறவன் கத்திவிடுகிறான்.